காட்ஸ்டோ கன்னியர் மடம்: ரோசமண்ட் கதையைத் தாண்டி என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். ஊருக்கு வெளியே தேம்ஸ் ஓரம் காட்ஸ்டோ என்று ஒரு பழைய கன்னியர் மடம் இருக்கிறது, இரண்டாம் ஹென்றி அரசனின் காதலி ரோசமண்டை ராணி விஷம் வைத்துக் கொன்ற கதை அதோடு சேர்ந்தது என்று படித்திருக்கிறீர்கள். படத்தில் பார்த்தால் இடிந்த நாலு சுவர்தான் தெரிகிறது. அரை நாள் ஒதுக்கிப் போகத் தகுமா, அந்தக் கதை உண்மையா, பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். போகலாம், ஆனால் மடத்துக்காக மட்டும் போகாதீர்கள். சுவர்களைச் சுற்றிப் பார்க்க இருபது நிமிடம் போதும். டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது, கடை கிடையாது. வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் புல்தரை. பல நேரம் உங்களுக்கு முன்னால் மாடுகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். அந்த இடத்தின் அருமை அதைச் சுற்றியுள்ள ஆறும் புல்வெளியும் சேர்ந்துதான் புரியும். அப்புறம், அங்கே வாழ்ந்த பெண்களின் கதை தெரிந்திருக்க வேண்டும். ரோசமண்ட் கதையைவிட அது எவ்வளவோ சுவாரசியமானது.

சரி, ரோசமண்டை முதலில் முடித்துவிடுவோம். எல்லோரும் அவளுக்காகத்தான் வருகிறார்கள்.

ரோசமண்ட் கிளிஃபோர்ட் உண்மையாக வாழ்ந்தவள். வால்டர் கிளிஃபோர்ட் என்ற பிரபுவின் மகள். இரண்டாம் ஹென்றியின் காதலி. 1176 வாக்கில் இறந்தாள், காட்ஸ்டோவில் புதைக்கப்பட்டாள். இதுவரை சந்தேகம் இல்லை. அவளுடைய அப்பா, மனைவியின் ஆன்மாவுக்காகவும் மகளின் ஆன்மாவுக்காகவும் ஃபிராம்ப்டனில் இருந்த ஒரு மாவு மில்லை மடத்துக்கு எழுதிவைத்த ஆவணம் இருக்கிறது. விஷக் கதைக்குத்தான் ஆதாரம் இல்லை. ஹென்றி அவளை உட்ஸ்டாக்கில் ஒரு புதிர்ப்பாதைக்குள் ஒளித்து வைத்திருந்தானாம், ராணி எலினோர் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே வழி கண்டுபிடித்து வந்து, கத்தியா விஷக் கிண்ணமா, எது வேண்டும் என்று கேட்டாளாம். இதெல்லாம் பின்னால் வந்த நூற்றாண்டுகளில் ஒவ்வொருவராகச் சேர்த்த மசாலா. ரோசமண்ட் இறந்த நேரத்தில் எலினோர் எங்கே இருந்தாள் என்று பார்த்தாலே கதை கவிழ்ந்துவிடும். கணவனுக்கு எதிராக மகன்கள் செய்த கலகத்துக்குத் துணை போனதால் பிடிபட்ட அவளை ஹென்றி காவலில் வைத்திருந்தான். 1189-ல் அவன் சாகும் வரை அந்தக் காவல் நீடித்தது. சிறையில் இருந்தவள் எப்படி நூலைப் பிடித்துக்கொண்டு உட்ஸ்டாக் போவாள்?

ஆனால் ரோசமண்ட் செத்த பிறகு நடந்தது ஒன்று உண்டு. அது உண்மை. அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1191-ல் லிங்கன் ஆயர் ஹ்யூ இந்த மடத்துக்கு வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டுக்கென்று தனி ஆயர் அப்போது இல்லை. எத்தனையோ மைல் தள்ளியிருந்த லிங்கன்தான் மேலிடம். கோயிலுக்குள் நுழைந்தவர் பிரதான பீடத்துக்கு நேர் முன்னால் பட்டு போர்த்திய ஒரு கல்லறையைப் பார்க்கிறார். சுற்றிலும் மெழுகுவத்திகள். யாருடையது என்று கேட்கிறார். ரோசமண்டுடையது, அவள்மீது இருந்த அன்பால் அரசர் எங்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறார் என்று கன்னியர்கள் சொல்கிறார்கள். ஆயருக்குக் கோபம். அவள் விபசாரி, வெளியே எடுத்து மற்றவர்களோடு புதையுங்கள், மற்ற பெண்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று உத்தரவு போடுகிறார். ஹோவ்டன் ஊர் ரோஜர் என்ற அந்தக் காலத்து வரலாற்றாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். அரசன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

கல்லறை வெளியே போனது. ஆனால் கன்னியர்கள் அவளைக் கைவிடவில்லை. மடம் மூடப்பட்ட காலத்தில்தான் கல்லறையைத் திறந்தார்கள். 'ரோசமண்டின் கல்லறை' என்று லத்தீனில் பொறித்த கல், ஈயப் பெட்டி, அதற்குள் தோலில் சுற்றிய எலும்புகள், திறந்ததும் நல்ல வாசனை வந்ததாம். ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெடுத்த ஜான் லேலண்ட் எழுதியிருப்பது இது. இப்போது அங்கே கல்லறை எதுவும் இல்லை. 'இதுதான் ரோசமண்டின் இடம்' என்று யாராவது காட்டினால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

இனி மடத்துக்கு வருவோம்.

தொடங்கியவள் ஈடிவா என்கிற ஈடித். வின்செஸ்டர் பக்கத்துக்காரி, ஒரு வீரனின் விதவை. மடத்தின் சொந்தப் பதிவேட்டில் உள்ள கதைப்படி, ஆக்ஸ்ஃபோர்டு அருகே போய்க் காத்திரு, அடையாளம் கிடைக்கும் என்று அவளுக்குக் கனவில் கட்டளை வருகிறது. ஆற்றங்கரையில் பின்சி என்ற சிற்றூரில் தங்குகிறாள். ஒரு ராத்திரி, வானத்து ஒளி எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே மடம் கட்டு, கிடைக்கிறதிலேயே உயர்குடிப் பெண்களாகப் பார்த்து 24 பேரைச் சேர் என்று ஒரு குரல் சொல்கிறது. அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வானத்திலிருந்து வந்த குரல்கூட ஆள் பார்த்துத்தான் சேர்க்கச் சொல்லியிருக்கிறது!

இருந்தாலும் அன்றைய நிலைமை அதுதான். மடத்தில் சேரும் பெண் வெறுங்கையோடு வரமாட்டாள், நிலமோ பணமோ கொண்டுவருவாள். கல்யாணம் வேண்டாதவளுக்கும், கல்யாணத்துக்குச் சீதனம் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்கும், விதவைக்கும் மரியாதையான இடம் இது ஒன்றுதான். ஜான் செயின்ட் ஜான் என்ற பிரபு நிலம் கொடுத்தார். 1133 வாக்கில் வேலை தொடங்கி, 1139-ல் கோயில் அபிஷேகம் ஆனது. ஸ்டீபன் அரசரே மனைவியோடு வந்திருந்தார். ஈடிவா தலைவியானாள். அவளுடைய இரண்டு மகள்களும் அங்கேயே சேர்ந்தார்கள். பெனடிக்ட் சபை ஒழுங்கு: நாளுக்குப் பல வேளை செபம், நடுவே வேலை, வாசிப்பு.

பின்னால் ரோசமண்டின் புண்ணியத்தில் இரண்டாம் ஹென்றி அள்ளிக் கொடுத்தான். பிளாக்ஸம், ஹை விக்கம் கோயில்களின் வருமானம் அதில் அடக்கம். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்குள்ளேயும் மடத்துக்கு நிறைய வீடுகள் சொந்தம், வாடகை வந்துகொண்டிருந்தது. வெள்ளை முக்காட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பெண்களை மனதில் வைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இவர்கள் நிலச்சுவான்தார்கள். குத்தகைக்காரர்களோடு கணக்குப் பார்க்கிறவர்கள், எல்லைத் தகராறுக்கு வழக்குப் போடுகிறவர்கள், எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அது கட்டடம் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். 1450 வாக்கில் ஆலிஸ் ஹென்லி தலைவியாக இருந்தபோது, மடத்தின் பத்திரங்கள் முழுவதையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் எழுதவைத்தார்கள். எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை, ஏழைச் சகோதரன், நலம் விரும்பி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம்: இந்தப் பெண்கள் ஆங்கிலப் புத்தகங்களை நன்றாகப் படித்தவர்கள். லத்தீன் தாய்மொழி இல்லாததால் அது வராததில் குறை இல்லை. ஆனால் சொத்துப் பத்திரமெல்லாம் லத்தீனில் கிடக்கிறது. விளக்கிச் சொல்ல நம்பகமான படித்த ஆள் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தாங்களே தெரிந்துகொண்டால்தான் வேலைக்காரர்களையும் குத்தகைக்காரர்களையும் சரியாக நடத்த முடியும், வர வேண்டியது வரும்.

இதை நம்மூர்க் கண்ணோடு பாருங்கள். தாசில்தார் ஆபீஸ் பத்திரம் புரியாமல் எழுத்தரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் புதிதில்லை. அந்த நிலையிலிருந்து வெளியே வர ஒரு பெண்கள் கூட்டம் எடுத்த முடிவு இது. அரசுப் பத்திரங்கள் பெரும்பாலும் லத்தீனிலும் பிரெஞ்சிலும் இருந்த காலத்தில், முழுச் சொத்துப் பதிவேட்டையும் ஊர்மொழிக்கு மாற்றுவது சாதாரண வேலை இல்லை. அந்தப் புத்தகம் பிழைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிலும் வந்துவிட்டது. சுவர்களைவிட மடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன்.

பல்கலைக்கழகம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது அவர்களுக்கு ஓயாத தலைவலி. 1284-லேயே கேன்டர்பரி பேராயர் பெக்கம், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோடு கன்னியர்கள் பேசுவதற்குக் கட்டுப்பாடு போட்டார். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1430-களில் ஆயர் கிரே மறுபடியும் அதையே சொல்ல வேண்டியிருந்தது: வெளியாளைக் கன்னியரின் அறைகளில் கேளிக்கைக்காக அனுமதிக்கக் கூடாது, ஏனென்றால் காட்ஸ்டோவில் வேண்டிய சுகமெல்லாம் கிடைக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். மாணவர்கள் பெருமையடித்ததில் எவ்வளவு உண்மை என்று யோசிக்கலாம். விடுதிக்காரப் பையன்கள் பேச்சை எந்தக் காலத்திலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திருப்பித் திருப்பி அதே விதியைப் போட்டார்கள் என்றால், விதி அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க, நகரத்தின் தெற்கே லிட்டில்மோர் என்று சின்னதாக இன்னொரு மடம் இருந்தது. 1517-ல் நடந்த விசாரணையில் அங்கிருந்த தலைவிக்கே ஒரு பாதிரியார் மூலம் குழந்தை இருந்தது வெளியே வந்தது. 1525-ல் கார்டினல் வுல்சி, தான் கட்டும் கல்லூரிக்கு வருமானம் வேண்டும் என்று அந்த மடத்தையே மூடி எடுத்துக்கொண்டார். 2014-ல் அங்கே தோண்டியபோது 92 எலும்புக்கூடுகள் கிடைத்தன. இப்போது பக்கத்தில் கால்பந்து மைதானம். மடங்களை அழிக்கும் வேலையை எட்டாம் ஹென்றி கையில் எடுப்பதற்கு முன்பே, ஒரு கார்டினல் ஒத்திகை பார்த்துவிட்டார் என்று சொல்லலாம்.

காட்ஸ்டோ அவ்வளவு எளிதில் விழவில்லை. 1536 சட்டம் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழ் இருந்த மடங்களைத்தான் மூடியது. காட்ஸ்டோவின் வருமானம் 250 பவுண்டுக்கு மேல், அதனால் தப்பித்தது. அப்போது தலைவி கேதரின் பல்க்லி. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகி இவர்தான்.

1538 நவம்பரில் ஜான் லண்டன் என்ற அரசு ஆணையர் ஒரு பெரிய கூட்டத்தோடு மடத்து வாசலில் வந்து இறங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜின் தலைவர் அவர். மடத்தை ஒப்படைத்துவிடு என்று மிரட்டல், கன்னியர்களிடம் தனித்தனியாகப் பேசிக் கலைக்கும் முயற்சி. கேதரின் அசரவில்லை. நேராக தாமஸ் குரோம்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். குரோம்வெல்தான் அரசனின் வலது கை, மடங்களை மூடும் திட்டமே அவருடையது. அவரிடமே, இந்த லண்டன் முதலிலிருந்தே என் பதவிக்கு எதிரி, என்னை ஏமாற்றிப் பறிக்கப் பார்க்கிறார், அரசரோ நீங்களோ கேட்டால் தருவேன், இந்த ஆளுக்குத் தரமாட்டேன் என்கிற மாதிரி எழுதினார். குரோம்வெல் லண்டனை நிறுத்திவைத்தார். அந்த மாதக் கடைசியில் கேதரின் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் ஒரு வரி புகழ்பெற்றது: எங்களிடம் போப்பும் இல்லை, உத்தரிக்கும் ஸ்தலமும் (இறந்தவர்கள் பாவம் தீரும் வரை தங்கும் இடம்) இல்லை, சுரூபமும் இல்லை, யாத்திரையும் இல்லை, இறந்த புனிதர்களை வேண்டுவதும் இல்லை.

இதெல்லாம் போப்பை விட்டுப் பிரிந்த அரசன் ஒதுக்கிக்கொண்டிருந்த பழைய கத்தோலிக்க நம்பிக்கைகள். ஒரு கன்னியர் மடத்தின் தலைவி இப்படி எழுதினார்! நம்பிக்கையா, தந்திரமா? இரண்டும் கலந்தது என்றுதான் நினைக்கிறேன். புதுக் கருத்துகளுக்கு அவர் மனம் திறந்திருந்திருக்கலாம். அதே சமயம் அரசன் எதைக் கேட்க விரும்புகிறான் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பழைய வழிபாட்டைக் கைவிட்டால் மடம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு ஒரு வருஷம்தான் தாங்கியது. அரசனுக்கு வேண்டியது வழிபாட்டில் மாற்றம் இல்லை, நிலம். 1539 நவம்பரில் கேதரின் கையெழுத்திட்டு ஒப்படைத்தார். தலைவிக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு ஓய்வூதியம். அடுத்த வருஷமே குரோம்வெல் தலை போனது. ஜான் லண்டன் பொய்ச் சாட்சி வழக்கில் மாட்டி, 1543-ல் சிறையில் செத்தார். நான் யாருடைய சாவிலும் சந்தோஷப்படுகிறவன் இல்லை, ஆனால் இதைப் படித்தபோது முகம் சுளிக்கவும் இல்லை.

இடம் அரச வைத்தியர் ஜார்ஜ் ஓவன் கைக்குப் போனது. அவர் மடத்தை வீடாக மாற்றிக்கொண்டார். கோயில் போய்விட்டது. அடுத்த நூற்றாண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். ஆக்ஸ்ஃபோர்டு அரசர் பக்கத்தின் தலைநகரமாக இருந்ததால் சுற்றியிருந்த பெரிய வீடெல்லாம் படை தங்கும் காவல் அரணானது. 1645-ல் காட்ஸ்டோ வீடும் சேதமானது. அதன் பிறகு யாரும் சரிசெய்யவில்லை. அக்கம்பக்கத்தார் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் தங்கள் வீட்டுக்கு வைத்துக் கட்டினார்கள். பிறகு 1790-ல் படகுகளுக்காக ஆற்றில் காட்ஸ்டோ லாக் கட்டினார்கள். தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் விடும் மதகுத் தொட்டி அது.

ஆகவே இன்று நீங்கள் பார்ப்பது: ஒரு பெரிய செவ்வக வளைப்பு, மூன்று பக்கம் உயரமான கல்சுவர், ஒரு மூலையில் கூரை இல்லாத சின்ன ஜெபக்கூடம். தலைவியின் சொந்த ஜெபக்கூடமாக இருக்கலாம் என்கிறார்கள். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சீராகச் செதுக்கிய கல் மிகவும் குறைவு, முண்டும் முடிச்சுமான கல்லும் சாந்தும்தான் மிச்சம். நல்ல கல்லை எடுத்துப் போய்விட்டார்கள். அங்கங்கே அடைக்கப்பட்ட வாசல்களின் விளிம்பு தெரியும். ஜெபக்கூடத்தின் கிழக்கு ஜன்னல் மட்டும் பார்க்கப் பார்க்க அழகு. சாயங்காலம் போனால் படம் நன்றாக வரும். மேற்குப் பக்கம் ஏ34 நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமைதியான பாழ்மடம் என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் லாரிச் சத்தத்தில் ஏமாந்து திரும்புகிறார்கள்.

சுவரோரம் கவனித்துப் பார்க்க ஒரு செடி உண்டு. இதய வடிவ இலை, மஞ்சள் நிறத்தில் குழல் மாதிரிப் பூ, அடியில் கொஞ்சம் உப்பியிருக்கும். அரிஸ்டோலோகியா கிளமாட்டைட்டிஸ். நம்மூர் ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். இது பிரிட்டனின் சொந்தச் செடி இல்லை, பிரசவ மருந்து என்று இடைக்காலத்தில் கொண்டுவந்து வளர்த்தது. நாட்டில் அது நிலைத்துப் பிழைத்த சில இடங்களில் காட்ஸ்டோ பேர்போனது. அதனால் மடத்து மூலிகைத் தோட்டத்தின் எச்சம் இது என்று தாவர ஆர்வலர்கள் சொல்லிவருகிறார்கள். நிரூபணம் இல்லை, ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பார்த்தால் போதும், பறிக்க வேண்டாம், கஷாயம் வைக்கவே வேண்டாம். அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். பால்கன் நாடுகளில் கோதுமை வயலில் களையாக வளர்ந்து மாவில் கலந்து, ஊர் ஊராகச் சிறுநீரக நோய் வந்ததற்குக் காரணம் இதே செடிதான். நம்மூர் இனங்களிலும் அந்த அமிலம் இருக்கிறது என்பதை, நாட்டு மருந்தாக அதைத் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இனி சுற்றுப்புறம். ஆற்றின் எதிர்க்கரையில் போர்ட் மெடோ என்று விரிந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம். 300 ஏக்கருக்கும் மேல், நகரத்தை ஒட்டி, ஏர் படாத மண். 1086-ல் வில்லியம் அரசன் எடுத்த நிலக் கணக்கிலேயே இது வருகிறது: ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தார் மதிலுக்கு வெளியே பொது மேய்ச்சல் வைத்திருக்கிறார்கள், அதற்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்துகிறார்கள் என்று. மடம் வருவதற்கு முன்பே மாடு மேய்ந்தது, மடம் போன பிறகும் மேய்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் உரிமைக் குடிகளுக்கும் உல்வர்கோட் ஊராருக்கும் இன்னமும் மேய்ச்சல் உரிமை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை நகர ஷெரிஃப் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாடு குதிரைகளை வளைத்து, உரிமை இல்லாமல் மேய்கிறவற்றுக்கு அபராதம் போடும் பழக்கம் உண்டு. வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் புல்லுக்கடியில் இருக்கின்றன. முதல் உலகப்போரில் விமானத் தளமாகவும் இருந்தது. அதற்கும் முன்னால், 1912 செப்டம்பரில், உல்வர்கோட் அருகே ஒரு விமானம் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். காட்ஸ்டோ சாலைப் பாலத்தில் அவர்கள் நினைவாகக் கல்வெட்டு இருக்கிறது, போகிற வழியில் பாருங்கள்.

தாவரம் பற்றி அக்கறை உள்ளவர்களுக்கு இங்கே இன்னொரு விஷயம். மடத்துக்குக் கொஞ்சம் வடக்கே பிக்சி மீட், யார்ன்டன் மீட் என்று ஆற்றோர வைக்கோல் நிலங்கள். அதே வண்டல், அதே வெள்ளம். ஒரே வித்தியாசம், போர்ட் மெடோவில் நூற்றாண்டுகளாக மாடு மேய்ந்தது, இங்கே வசந்தத்தில் புல்லை வளரவிட்டு, கோடையில் அறுத்து வைக்கோலாக்கினார்கள். மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக் கடிக்குத் தப்பும் தாழ்ந்த செடிகள்தான் நிற்கும். பிரிட்டனில் அரிதிலும் அரிதான தவழும் அபியம் என்ற குட்டிச் செடி போர்ட் மெடோவின் ஈர ஓரத்தில் பிழைத்திருக்கிறது. அறுக்கும் நிலத்தில் உயரமாக வளர்ந்து, அரிவாள் வருவதற்குள் பூத்து விதைவிடும் செடிகள். ஒரே மண்ணில் பயன்படுத்தும் முறை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஜோடி நிலங்களை 1930-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது, ஆயிரம் வருஷம் யார் காத்திருப்பார்கள்?

அந்த வைக்கோல் நிலத்தைப் பங்கிட்ட முறையும் வேடிக்கை. யாருக்கு எந்தத் துண்டு என்று அந்தக் காலத்தில் வருஷாவருஷம் சீட்டுக் குலுக்கல் நடந்தது. சீட்டுக்குப் பதிலாக 13 மரக் குண்டுகள், ஒவ்வொன்றிலும் பழைய குடியானவரின் பெயரோ அது மாதிரி ஒன்றோ எழுதியிருக்கும். பைக்குள் கைவிட்டு எடுக்கும் குண்டு எந்தத் துண்டைச் சொல்கிறதோ அதில் அந்த வருஷம் அறுக்கலாம். நல்ல துண்டு எப்போதும் ஒருத்தனுக்கே போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேற்கே குன்றின்மேல் வைத்தம் காடு. 1947 முதல் அங்கே சிட்டுக்குருவி அளவுள்ள கிரேட் டிட் பறவைகளைக் கூடு கூடாகக் கணக்கெடுக்கிறார்கள். ஒரே காட்டில், ஒரே இனத்தை இத்தனை தலைமுறை விடாமல் பின்தொடர்ந்த ஆய்வுகள் உலகிலேயே குறைவு. வசந்தம் சீக்கிரம் வந்தால் முட்டையிடும் தேதி எப்படி முன்னால் நகர்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே போக முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை: 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் ஒருவர், நண்பரோடும் கிறைஸ்ட் சர்ச் தலைவரின் மூன்று பெண் குழந்தைகளோடும் ஃபாலி பாலத்திலிருந்து துடுப்புப் படகில் காட்ஸ்டோ வரை வந்தார். கதை சொல்லு, கதை சொல்லு என்று குழந்தைகள் நச்சரிக்க, படகிலேயே இட்டுக்கட்டிய கதைதான் முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸின் கதை ('ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்'). ஈடிவா தங்கிய பின்சியில் இருக்கும் புனிதக் கிணறும் அந்தக் கதைக்குள் வேறு உருவத்தில் வந்துவிட்டது.

எப்படிப் போவது? ரயில் நிலையத்திலிருந்து மேற்கே திரும்பி, பாட்லி சாலையில் ஆற்றுப் பாலம் வரை போய், அங்கே வலப்பக்கம் தேம்ஸ் பாதையில் இறங்குங்கள். ஆற்றை விடாமல் வடக்கே நடந்தால் போதும், வழி தவற வாய்ப்பில்லை. சுமார் 4 கிலோமீட்டர். மெட்லியில் ஒரு நடைபாலம் வரும், அதைத் தாண்டி இடப்பக்கக் கரையிலேயே போங்கள், பின்சிக்குத் திரும்பும் சின்னப் பாதை அங்கிருந்து பிரியும். வலப்பக்கம் ஆற்றுக்கு அந்தப்புறம் போர்ட் மெடோ முழுவதும் தெரிந்துகொண்டே வரும். லாக் தாண்டியதும் மடம். பக்கத்துப் பாலத்துக்கு அப்பால் ட்ரவுட் என்ற பழைய சத்திரம் இருக்கிறது. சாப்பாடு சுமார்தான், விலை கூட. ஆனால் அணையில் விழும் தண்ணீர்ப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். திரும்பும்போது நடக்க முடியாதவர்கள் உல்வர்கோட்டுக்குப் போய்ப் பஸ் பிடித்துவிடலாம்.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் போர்ட் மெடோவில் வெள்ளம் தேங்கி ஏரியாகிவிடும். பறவை பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குச் சேறு. மழைக்குப் பிறகு போவதானால் குழந்தைகளுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுவிடுங்கள். தள்ளுவண்டியில் உட்காரும் கைக்குழந்தை இருந்தால் ஆற்றுப் பாதை வேண்டாம், உல்வர்கோட் வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து சாலை வழியாக நடப்பதுதான் சுலபம். மாடுகள் சாதுவானவை, கன்றோடு நிற்கும் பசுவுக்கு மட்டும் கொஞ்சம் விலகிப் போங்கள்.